திரும்பிப் பார்க்காத இளவரசி

நூர் நிஷா வரைந்த இளவரசிகள் யாரும் நம்மைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கோபுரத்து ஜன்னலில் நிற்பவள் வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். நமக்குக் கிடைப்பது அவளுடைய பின்னல் மட்டும். ராஜா எப்போதும் குடைக்குள் நடப்பார். சூனியக்காரி குனிந்து அடுப்பை ஊதிக்கொண்டிருப்பாள். ஓநாய் புகுந்த வீட்டு வாசலில் அதன் வால் மட்டும் கிடக்கும். மூன்று பன்றிக்குட்டிகள் வீடு கட்டிய கதை வந்தபோது ஓலை வீடு, கம்பு வீடு, செங்கல் வீடு என்று மூன்றையும் அச்சு அசலாக வரைந்துவிட்டு, குட்டிகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டாள். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த லாத்தா ருக்ஸானா, "உள்ள யாருடி இருக்கா?" என்று கேட்டாள்.

"ஆட்டுக்குட்டி லாத்தா."

"ஆட்டுக்குட்டிக்கு எதுக்குடி இம்புட்டு ஒளிவு மறைவு?" என்றாள் ருக்ஸானா. உள்ளே இருப்பது பன்றிக்குட்டி என்று அக்காவுக்குப் புரியாமல் இல்லை. கேட்டு வைப்போமே என்று கேட்டாள், அவ்வளவுதான்.

பெண்பிள்ளைகளுக்கு வீடு கொடுக்கும் ஊர் கீழக்கரை. வாப்பா கட்டிக் கொடுத்த வீட்டில் கீழே ருக்ஸானா குடும்பம், மாடியில் நூர் நிஷாவும் மகள் யும்னாவும். நூர் நிஷாவின் கணவர் சீனி முகம்மது சவூதியில் தம்மாமில் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். ஊரில் பாதி ஆண்கள் போல அவரும் வருவார், போவார், போனில் இருப்பார். சிவகாசியில் ஒரு பதிப்பகம், உலகத்துப் பழைய தேவதைக் கதைகளைச் சுருக்கி, பக்கத்துக்கு இரண்டு வரியும் மிச்சமெல்லாம் படமுமாகச் சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டுவந்தது. அங்கே கம்ப்யூட்டரில் பக்கம் கட்டும் யுவராணி, நூர் நிஷாவோடு கல்லூரியில் ஒரே பெஞ்சில் இருந்தவள். அவள் வழியாக வந்த வேலை இது. கதை வாட்ஸப்பில் வரும். இவள் கனத்த தாளில் வாட்டர் கலரில் வரைந்து கூரியரில் அனுப்புவாள்.

முகம் வரையாததற்கு ஊர் ஒரு காரணம் சொன்னது, பதிப்பகம் ஒரு காரணம் சொன்னது. உருவம் வரைவது மார்க்கத்தில் கூடாது என்பதால் பேணுதலாக இருக்கிறாள் என்று ஊர் மெச்சியது. இது புது ஸ்டைல், பிள்ளைகள் தாங்களே முகத்தைக் கற்பனை செய்துகொள்வார்கள் என்று முதலாளி தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார். இரண்டு பேருக்கும் விஷயம் தெரியாது.

விஷயம் இதுதான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே நூர் நிஷாவுக்குக் கண் வரைவதில் ஒரு கை இருந்தது. மற்றவர்கள் முகத்தை வட்டமாகப் போட்டதும் முதலில் கண்ணை வைப்பார்கள். இவள் கடைசியில்தான் வைப்பாள். உடுப்பு, முடி, மூக்கு, வாய் எல்லாம் முடித்துவிட்டு, சுற்றி நிற்கும் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க, இரண்டு கண்ணையும் வைத்துத் தூரிகையை எடுப்பாள். படம் முழித்துக்கொள்ளும். அந்த ஒரு நொடிக்காகத்தான் அவள் வரைந்ததே. அவளிடம் நகை இருந்தது, வீடு இருந்தது, ஆனால் அவளுடையது என்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது.

யும்னா ஏழு மாதத்திலேயே பிறந்தாள். உள்ளங்கை அகலம்கூட இல்லாத முதுகு. ராமநாதபுரத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நூர் நிஷா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணாடிப் பெட்டிக்குள் பிள்ளை கிடந்தது. சீனி முகம்மது போனில் அழுதுகொண்டிருந்தார். போனைத் தாழ்த்திவிட்டு அவள் நேர்ச்சை வைத்தாள். "யா அல்லாஹ், எனக்குன்னு இருக்கிறது இந்தக் கண்ணு வரையிறது ஒண்ணுதான். அத விட்டுர்றேன். இனிமே எந்த உருவத்துக்கும் கண்ணு வைக்க மாட்டேன். எம்புள்ள உசுர எனக்கு விட்டுக் குடு."

அவளை யாரும் கேட்கவில்லை. நேர்ச்சையில் இருக்கிற தொல்லையே அதுதான். கேட்டு வாங்கிய ஆள் ஒருவர் இருந்தால் அவரிடம் போய்க் கெஞ்சலாம். தானாகக் கொடுத்த வாக்கை எங்கே போய்த் திரும்பக் கேட்பது?

பிள்ளை பிழைத்தது. குறைமாதக் குழந்தைகளுக்குக் கண்ணுக்குள் இருக்கும் திரை சரியாக வளராமல் போகலாம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். மதுரைக்குக் கொண்டுபோய் லேசர் வைத்துக்கொண்டு வந்தார்கள். வருடா வருடம் காட்டச் சொன்னார்கள், காட்டினார்கள். பிறகு ஊரடங்கு வந்தது. ஊரடங்கு போனபிறகு, பிள்ளைதான் ஓடியாடித் திரிகிறாளே என்று விட்டுவிட்டார்கள். யாரைக் குறை சொல்வது? ஓடுகிற பிள்ளையைப் பிடித்து நிறுத்தி, உனக்குக் கண் தெரிகிறதா என்று கேட்கிற தாய் எந்த ஊரில் இருக்கிறாள்?

நூர் நிஷாவின் புத்தகங்களுக்கு முதல் வாசகி யும்னாதான். புத்தகம் அச்சாகி வந்தால் மடியில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். அவளுக்குப் பிடித்தது, சாபத்தால் தூங்கிப்போகும் ஓர் இளவரசியின் கதை. அதிலும் இளவரசி பக்கத்துக்குப் பக்கம் முதுகைத்தான் காட்டினாள். தோட்டத்தில் முதுகு, படிக்கட்டில் முதுகு, கட்டிலில்கூடச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"உம்மா, இவ எப்பத் திரும்புவா?"

"அடுத்த பக்கத்துல திரும்புவாம்மா."

அடுத்த பக்கத்திலும் அவள் திரும்பமாட்டாள். யும்னா சளைக்கமாட்டாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். நாளாக ஆக, புத்தகத்தை முகத்துக்குக் கிட்டே கிட்டே கொண்டுபோனாள். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பாள். மூக்கு தாளில் உரசும். "படத்துக்குள்ளயே விழுந்துருவா போல" என்று ருக்ஸானா சிரித்தாள். நூர் நிஷா சிரிக்கவில்லை. பிள்ளை அந்த இளவரசியின் முகத்தைத் தேடுகிறாள் என்று அவள் நினைத்தாள். கன்னத்தின் ஓரமாவது, மூக்கின் நுனியாவது எங்காவது தெரிகிறதா என்று பார்க்கிறாள், பாவம், நான் மறைத்து வைத்ததை என் பிள்ளை குடைந்து குடைந்து தேடுகிறது என்று தன்னையே நொந்துகொண்டாள். வேறு எந்த வீட்டில் ஒரு பிள்ளை இப்படிப் புத்தகத்தை மூக்கில் வைத்துப் பார்த்திருந்தாலும், மறுநாளே கண் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். இந்த வீட்டில் மட்டும் அதற்கு ஒரு காரணம் தயாராக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் யுவராணி போன் செய்தாள்.

"நிஷா, மூஞ்சி வேணுமாம்டி. கடைக்காரங்க எல்லாம் புத்தகத்தத் திருப்பி அனுப்புறாங்க. பிள்ளைங்க பாத்துப் பயப்படுதுங்களாம். இனிமே ஸ்டைலு கியிலு எதுவும் வேணாம்னு மொதலாளி சொல்லிட்டாரு."

"எனக்கு வராதுடி."

"ஒனக்கா வராது? எங்கிட்டயே கத விடுறியா? காலேஜ் நோட்டுல நீ வரைஞ்சு குடுத்த கண்ண நான் இன்னும் வச்சிருக்கேன்."

நூர் நிஷா காரணம் சொல்லவில்லை. சொன்னால் யுவராணி அழுதிருப்பாள், முதலாளி மாறியிருக்கமாட்டார். வேலை போயிற்று. சில மாதம் கழித்து யுவராணி ஒரு பார்சல் அனுப்பினாள். தூங்கும் இளவரசி கதையின் புதுப் பதிப்பு. யாரோ கம்ப்யூட்டரில் இளவரசியைத் திருப்பி வைத்து, பொம்மைக் கடையில் இருப்பது போல ஒரு முகத்தை ஒட்டியிருந்தார்கள். நூர் நிஷாவுக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் ஓர் ஆசையில் அதை யும்னாவிடம் கொடுத்தாள். இது நான் வரைந்த கண் இல்லை, நேர்ச்சைக்கும் பங்கம் இல்லை, பிள்ளையும் முகத்தைப் பார்த்துவிடுவாள் என்று ஒரு கணக்கு.

யும்னா அதை மூக்கில் வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "இது அவ இல்ல உம்மா, வேற ஆளு" என்று புத்தகத்தை மூடிக் கொடுத்துவிட்டாள்.

உண்மையைக் கண்டுபிடித்தது ஒரு தொதல் துண்டு. ஒரு வெள்ளிக்கிழமை ருக்ஸானா தேங்காய்ப்பாலில் தொதல் அல்வா கிண்டியிருந்தாள். ஒரு துண்டை எடுத்து யும்னாவின் இடப்பக்கமாக நீட்டினாள். யும்னா கதவைப் பார்த்தபடி நின்றாள். இன்னும் கிட்டே நீட்டினாள். பிள்ளை அசையவில்லை. கீழக்கரையில் தொதலைப் பார்த்தும் கையை நீட்டாத பிள்ளை உண்டா? ருக்ஸானாவின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. துண்டை இடக்கண்ணுக்கு நேராக, இமை மயிரில் படுகிற தூரத்துக்குக் கொண்டுபோனாள்.

"நிஷா" என்று மாடியைப் பார்த்துக் கூப்பிட்டாள். "இங்கன கொஞ்சம் வாயேன்." அக்காவின் குரலைக் கேட்டதும் நூர் நிஷா படியில் பாதியிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள்.

மதுரையில் டாக்டரம்மா ரொம்பப் பொறுமையாகப் பேசினார். இடக்கண் எப்போதோ போய்விட்டது. வலக்கண்ணுக்குள்ளும் திரை உரிந்துகொண்டு வருகிறது. ஆபரேஷன் செய்து பார்க்கலாம், நிற்கலாம், நிற்காமலும் போகலாம். "இது உங்க தப்பு இல்லம்மா. கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்" என்றார். டாக்டர்கள் இப்படித்தான், தப்பு இல்லை என்று சொல்லும் அதே மூச்சில் முன்னாடி வந்திருக்கலாம் என்பதையும் சொல்லிவிடுவார்கள். மனுஷி எதைப் பிடித்துக்கொள்வாள்? நூர் நிஷா இரண்டாவதைத்தான் பிடித்துக்கொண்டாள். புத்தகத்தை மூக்கில் வைத்துக்கொண்டு பிள்ளை தேடியது முகத்தை இல்லை. படத்தை, தாளை, வெளிச்சத்தை. அது அவளுக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே விளங்கிவிட்டது.

"அவளுக்கு எதெல்லாம் பிடிக்குமோ அதையெல்லாம் காட்டுங்க" என்றார் டாக்டரம்மா, எழுந்திருக்கும்போது.

யும்னாவுக்குப் பிடித்தது ஒன்றுதான். பஸ்ஸில் மடியில் படுத்துக்கொண்டு கேட்டாள். "உம்மா, அந்த இளவரசி மொகத்தக் காட்டு. ஆபரேஷனுக்கு முன்னாடி."

இதிலிருந்து நூர் நிஷாவின் நரகம் ஆரம்பித்தது. கண் வைத்தால், கண்ணை விட்டுக்கொடுத்து வாங்கிய உயிர் என்ன ஆகும்? வைக்காவிட்டால், பிள்ளை அதைப் பார்க்காமலே இருட்டுக்குள் போய்விடும். ருக்ஸானாவுக்குக் கதை முழுவதும் அன்றைக்குத்தான் தெரியும். தலையில் அடித்துக்கொண்டாள். நேராகப் பள்ளிவாசல் ஹஜ்ரத் வீட்டுக்குப் போய் அவர் மனைவி மூலம் கேட்டுக்கொண்டு வந்தாள்.

"பத்து ஏழைக்கு வயிறாரச் சோறு குடுத்துட்டு வரையட்டும்னு ஹஜ்ரத்து சொல்லிட்டாரு. அல்லாஹ் என்ன கல்நெஞ்சுக்காரனாடி? ஒன் புள்ளைய வச்சுப் பேரம் பேசுறவனா? நீயா ஒண்ண நெனச்சுக்கிட்டு ஏன்டி அவளப் போட்டு வதைக்கிற?"

"ஹஜ்ரத்து சொல்றது சரிதான் லாத்தா. எனக்குப் பயமா இருக்கே, அதுக்கு என்ன செய்ய?"

சீனி முகம்மதுவும் போனில் சொன்னார். "வரைஞ்சு குடுத்துரு நூரு. பாவம் புண்ணியம் எதுவானாலும் என் தலையில இருக்கட்டும்."

"நீங்க சொல்லலாம் மச்சான். வராந்தாவுல நின்னு வாக்குக் குடுத்தது நாந்தானே."

ருக்ஸானா சோறாக்கிப் பத்துப் பேருக்குக் கொடுத்தாள். நூர் நிஷா தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இளவரசியை முதல் முறையாகத் திருப்பினாள். கட்டிலில் மல்லாந்து படுத்திருக்கிறாள். நெற்றி, மூக்கு, உதடு, காதில் அலுக்கத்துக் கம்மல், தலையணையில் விரிந்த முடி. கண்ணுக்கு வந்தபோது கை நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு அவளுக்கு ஒரு தந்திரம் தோன்றியது. கண் இருக்கும் இடத்தில் இரண்டு வளைந்த கோடு போட்டு, இமை மயிரை வரைந்து முடித்துவிட்டாள். தூங்குகிறவளுக்கு எதற்குக் கண்?

யும்னா படத்தை வலப்பக்கமாகச் சாய்த்து மூக்கில் வைத்துக்கொண்டாள். "ஐ, திரும்பிட்டா!" என்று கத்தினாள். அந்தச் சத்தத்துக்குக் கீழேயிருந்து எல்லாரும் மேலே ஓடி வந்தார்கள். பிள்ளையின் சந்தோஷத்தைப் பார்த்து ருக்ஸானா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றைக்கு ஒரு நாள் அந்த வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள்.

"எப்ப முழிப்பா உம்மா?"

"ஒனக்கு ஆபரேஷன் முடியட்டும். அவளும் முழிச்சிருவா."

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்தபோது கொஞ்சம் தெரிந்தது. உம்மாவின் சேலை பச்சை என்று சொன்னாள். ஜன்னல் எங்கே என்று காட்டினாள். வீட்டுக்கு வந்த மறுநாளே நூர் நிஷா தாளை விரித்தாள், இந்த முறை தந்திரம் எதுவும் இல்லை, பிள்ளைக்குக் கொடுத்த வாக்குத்தான் பெரிது என்று முடிவு செய்துவிட்டாள். தூரிகையை நனைத்துக் கறுப்பைத் தொட்டபோது கட்டிலில் படுத்திருந்த யும்னா முனகினாள். தொட்டுப் பார்த்தால் உடம்பு அனலாகக் கொதித்தது.

தூரிகை கையிலிருந்து விழுந்தது. வெறும் சளிக்காய்ச்சல்தான், மருந்தில் தணிந்துவிட்டது. ராமநாதபுரத்து டாக்டர், ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு இருக்கிறது என்றார். நூர் நிஷா கேட்டுக்கொண்டாள், தலையை ஆட்டினாள், ஒரு வார்த்தையையும் நம்பவில்லை. கறுப்பைத் தொட்டேன், காய்ச்சல் வந்தது. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தாளைச் சுருட்டிப் பீரோ மேலே போட்டுவிட்டாள்.

அவளைத் திட்டத் தோன்றுகிறது. ருக்ஸானா திட்டவும் செய்தாள், வாய்க்கு வந்தபடி திட்டினாள். ஆனால் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றவள் அவள்தான், மற்றவர்கள் இல்லை. பயந்தவளிடம் எத்தனை நியாயம் சொன்னாலும் அது வாசலோடு நின்றுவிடுகிறது. இன்றைக்கு இருமல், நாளைக்குப் பெருநாள், அடுத்து மழை வந்து வெளிச்சம் போதவில்லை என்று அவள் தள்ளிக்கொண்டே போனாள். "முழிச்சிட்டாளா?" என்று யும்னா காலையில் எழுந்ததும் கேட்பாள். "இன்னும் இல்லம்மா." நாளாக ஆக யும்னா கேட்பதைக் குறைத்துக்கொண்டாள். நூர் நிஷா அதற்காக நிம்மதிப்பட்டாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த தடவை மதுரைக்குப் போனபோது டாக்டரம்மா வெகுநேரம் விளக்கடித்துப் பார்த்தார். திரை மறுபடியும் உரிந்துவிட்டது. இன்னொரு ஆபரேஷனுக்கு உள்ளே பிடிப்பு இல்லை. "எத்தன நாளு?" என்று நூர் நிஷா கேட்டாள். டாக்டரம்மா யும்னாவின் தலையைத் தடவினார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் சோறுகூடத் தின்னவில்லை. மதியம் லுஹர் தொழுதுவிட்டு, தாளை இறக்கி ஜன்னலோரம் விரித்தாள். இளவரசி கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள், நேராக நம்மைப் பார்த்தபடி. உடுப்பு, முடி, மூக்கு, வாய், எல்லாம் முடித்துக் கடைசியில் கண்ணுக்கு வந்தாள். பிஸ்மி சொன்னாள். இத்தனை வருடம் வைக்காத கண் எல்லாம் அந்த இரண்டு கண்ணுக்குள் வந்து உட்கார்ந்ததைப் போல இருந்தது. தூரிகையை எடுத்ததும் இளவரசி முழித்துக்கொண்டாள். நூர் நிஷா தன் வாழ்நாளில் அப்படி ஒரு கண் வரைந்ததில்லை. இனி வரையப்போவதும் இல்லை.

எழுந்து போய் யும்னாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்துதான் இருந்தது.

"யும்னா, இங்கன வாம்மா. அவ முழிச்சிட்டா."

யும்னா சுவரைத் தடவிக்கொண்டே வந்தாள். அப்படி அவள் நடந்து நூர் நிஷா அதுவரை பார்த்ததில்லை. பாயில் உட்கார வைத்து, படத்தை வலக்கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். கிட்டே கொண்டுபோனாள். இன்னும் கிட்டே. பிள்ளை தலையை இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள். பிறகு சாய்ப்பதை நிறுத்திவிட்டாள்.

"தெரியுதாம்மா?"

"கொஞ்ச நாளாவே இருட்டாத்தான் இருக்கு உம்மா" என்றாள். "சொன்னா நீ அழுவ."

நூர் நிஷா அழவில்லை. அவளுக்கு அழுகையே வரவில்லை. படத்தைப் பாயில் போட்டுவிட்டுத் தூர நகர்ந்து உட்கார்ந்தாள். வாக்கும் போயிற்று, கண்ணும் போயிற்று, இனி பிள்ளைக்கு உடம்பு சுடும் ஒவ்வொரு நாளும் நான் என்ன செய்வேன் என்று அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"அவ நெசமாவே முழிச்சிட்டாளா?"

"முழிச்சிட்டாம்மா."

"அப்ப என்னையப் பாக்குறாளா?"

"ஒன்னயத்தான் பாக்குறா."

யும்னா முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள். புறங்கையால் வாயைத் துடைத்தாள். பள்ளிக்கூடத்தில் போட்டோ எடுக்கும்போது உட்காருவது போல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, பீரோவைப் பார்த்துச் சிரித்தாள்.

நூர் நிஷா படத்தைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போய், பீரோவுக்கு முன்னால் உட்கார்ந்து, அந்தச் சிரிப்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.